அடியில் கொதி, மேலே மொறுமொறு

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ஆப்பிள் தோட்டங்களில் செப்டம்பர் பிறந்ததும் அயோடின் கரைசலுக்கு வேலை வந்துவிடும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழங்களைப் பறித்து, குறுக்காக அறுத்து, அறுத்த முகத்தில் கரைசலைத் தெளிக்கிறார்கள். மாவுச்சத்து மிச்சமிருக்கும் இடம் கருநீலமாகும். சர்க்கரையாக மாறிவிட்ட இடம் வெளுப்பாகவே நிற்கும். கோர்னெல் பல்கலைக்கழகம் 1992இல் வெளியிட்ட அட்டவணை இந்தக் கறையை 1 முதல் 8 வரை எண்ணிட்டுக் காட்டுகிறது. 1 என்றால் முழுக்கக் கருப்பு, இன்னும் காய். 8 என்றால் கறையே இல்லை. விதையறையை ஒட்டித் தொடங்கும் வெளுப்பு நாளுக்கு நாள் தோலை நோக்கிப் பரவும். எந்த எண்ணில் பறிப்பது என்பது பழம் போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்தது. கிடங்கில் மாதக்கணக்கில் இருக்கப்போவதை முன்கூட்டியே பறிப்பார்கள். அந்த வாரமே சந்தைக்குப் போவதை மரத்திலேயே கொஞ்சம் பழுக்க விடுவார்கள்.

பறித்த பிறகும் பழம் மூச்சு விடுகிறது. அந்த மூச்சுக்கு அது எரிக்கும் பொருள்களில் ஒன்று மாலிக் அமிலம். ஆப்பிளின் புளிப்புக்கு முதற்காரணம் அதுதான். ஸ்வீடனில் வாழ்ந்த வேதியியலர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1785இல் அதைப் பிரித்தெடுத்ததும் ஆப்பிள் சாற்றிலிருந்துதான். கேம்பிரிட்ஜில் ஃபிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் ஆகிய இருவரும் முதல் உலகப்போரின்போது தொடங்கிய ஆய்வுகளின் பலனாக, காற்றின் ஆக்சிஜனை 21 சதவீதத்திலிருந்து இரண்டு மூன்று சதவீதத்துக்கு இறக்கிய குளிர் அறைகள் வந்தன. அவற்றுக்குள் பழத்தின் மூச்சு மட்டுப்படுகிறது, அக்டோபர் ஆப்பிளை அடுத்த ஆண்டு கோடையிலும் விற்க முடிகிறது. ஆனால் மூச்சு மட்டுப்படுகிறதே தவிர நிற்பதில்லை. மாதங்கள் போகப் போகப் புளிப்பு இறங்கும், சதை தளரும். கடித்துத் தின்பவருக்கு இது பெரிய குறையாகப் படாது. ஓவனில் வைத்துச் சமைப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். ஆப்பிள் காப்ளரை இலையுதிர்காலத்தில் செய்வதற்கு மரபைத் தாண்டி உறுதியான ஒரு காரணம் உண்டென்றால், அது இந்த அமிலம்தான்.

காப்ளர் பார்வைக்கு எளிய பண்டம். ஆழமான தட்டில் நறுக்கிய பழம், சர்க்கரை, மசாலா. அதன்மேல் மைதாவும் வெண்ணெயும் மோரும் சேர்த்துக் கூட்டிய இளக்கமான மாவைக் கைக்கு வந்தபடி கிள்ளி வைத்து ஓவனுக்குள் தள்ளிவிட வேண்டியதுதான். மாவைத் தேய்த்து, மடித்து, விளிம்பு கட்டும் நுணுக்கம் எதுவும் இல்லை. சுடுவதில் பழக்கமே இல்லாதவர்கூட ஒரு மாலையில் செய்துவிடலாம்.

ஆனால் வெப்பத்தின் கண்ணோடு பார்த்தால் இதைவிடச் சிக்கலான பண்டங்கள் குறைவு. ஒரே பாத்திரத்துக்குள் இரண்டு சமையல் நடக்கிறது. கீழே இருப்பது நீரில் வேகும் சமையல். சாறு இருக்கிறவரை அதன் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைச் சற்றே தாண்டலாம், அதற்குமேல் ஏறாது. மேலே இருப்பது உலர் வெப்பச் சமையல். மாவு பொன்னிறம் பெற அதன் மேற்பரப்பு 140 டிகிரியைக் கடந்தாக வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தத் தொடுகோட்டின் சில மில்லிமீட்டருக்குள்தான் காப்ளர் தேறுவதும் கெடுவதும் முடிவாகிறது.

ஓவன் இல்லாத காலத்திலேயே இந்தச் சிக்கலைச் சமாளித்தவர்கள் இருந்தார்கள். அப்பலாச்சிய மலைகளைத் தாண்டி மேற்கே குடியேறிய குடும்பங்களிடம் கனத்த வார்ப்பிரும்புப் பானை ஒன்று இருந்தது. மூன்று கால், விளிம்பு எழும்பிய தட்டையான மூடி. கணப்பிலிருந்து கங்குகளை ஒதுக்கி அதன்மேல் பானையை நிறுத்தி, மூடியின்மேலும் கங்குகளை அள்ளிப் போடுவார்கள். விளிம்பு எழும்பியிருப்பது கங்கு சரியாமல் இருக்கத்தான். சுடும் பண்டத்துக்கு மேல் கங்கு அதிகம், அடிக் கங்கு குறைவு என்பது இன்றும் இந்தப் பானையில் சமைப்பவர்கள் கைக்கொள்ளும் விதி. மேல் நெருப்பு மாவைச் சிவக்கவைக்கும், அடி நெருப்பு பழத்தைக் கொதிக்கவைக்கும். இரண்டு விதமான வெப்பம் கேட்கும் பண்டத்துக்கு இரண்டு நெருப்பு. 1839இல் சின்சினாட்டியில் அச்சான லெட்டிஸ் பிரையனின் ‘தி கென்டக்கி ஹவுஸ்வைஃப்’ என்ற சமையல் நூலில் பீச் பழக் காப்ளர் இடம்பெற்றுவிட்டது. இருபது ஆண்டு கழித்து, ஜான் ரஸ்ஸல் பார்ட்லெட் தம் அமெரிக்கச் சொல்லகராதியின் 1859ஆம் ஆண்டுப் பதிப்பில், பானையின் உட்புறம் தடித்த மாவை அணைத்து அதற்குள் பழத்தை வைத்துச் சுடுவது என்று அதை விளக்கினார். மாவு மேலே மட்டும் உட்கார்ந்த இன்றைய வடிவம் பிற்பாடு பரவியது.

முதலில் கீழ்ப்பாதி. ஆப்பிளின் எடையில் சுமார் 85 சதவீதம் நீர். அதன் பருமனில் ஏறக்குறைய கால் பங்கு காற்று. பழம் நீரில் மிதப்பது இதனால்தான். அந்த நீரையும் காற்றையும் தாங்கிப் பிடித்து மொறுமொறுப்பைத் தருபவை செல்சுவர்கள். சுவருக்குச் சுவர் பசையாக இருப்பது பெக்டின், 1825இல் பிரெஞ்சு வேதியியலர் ஆன்ரி பிராகோனோ விவரித்த பொருள். சூடு ஏறி 60 டிகிரியை நெருங்கும்போது செல்களின் சவ்வுகள் சிதைந்து உள்ளிருந்த சாறு கசியத் தொடங்குகிறது. இன்னும் ஏறி 85 டிகிரி வாக்கில் போனால் பெக்டின் இழைகள் துண்டுபட்டுக் கரைகின்றன. செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவுகின்றன. கரண்டியால் தொட்டால் குழையும் பதம் இதுதான். இன்னும் விட்டால் கூழ்.

அமிலத்தின் பங்கு இங்கே வருகிறது. வெப்பத்தில் பெக்டின் இழை அறுபடும் வேகம் புளிப்பு குறைந்த சூழலில் அதிகம். ஆப்பிளுக்கு இயல்பான புளிப்பு நிலையில் அது நிதானப்படுகிறது. புளிப்பான, இப்போதுதான் பறித்த பழம் ஓவனில் வடிவம் குலையாமல் நிற்பதற்கும், பல மாதம் கிடங்கில் கிடந்த பழம் சீக்கிரம் குழைவதற்கும் இது ஒரு காரணம். இனத்துக்கு இனம் வேறுபாடும் பெரிது. நியூயார்க்கின் கிழக்கு புளூம்ஃபீல்டில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய நார்தர்ன் ஸ்பை, சிட்னியை ஒட்டிய பகுதியில் மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டியின் தோட்டத்தில் 1868இல் முளைத்துக் கிடைத்த கிரானி ஸ்மித் ஆகியவை சூட்டைத் தாங்கும். ஜான் மெக்கின்டாஷ் 1811இல் கனடாவின் ஒண்டாரியோவில் கண்டெடுத்த மெக்கின்டாஷ் மணத்தில் இவற்றைவிடச் சிறந்தது, ஆனால் ஓவனில் கால் மணியில் கரைந்து சாந்தாகிவிடும். அனுபவசாலிகள் இந்த இரண்டு வகையையும் கலக்கிறார்கள்: துண்டாக நிற்க ஒன்று, அந்தத் துண்டுகளைச் சுற்றிக் குழம்பாக நிறைய இன்னொன்று. ஒரே இனத்தில் செய்யும் காப்ளரைவிட இந்தக் கலவை மேலானது என்பதில் சந்தேகமே இல்லை.

பழத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதியை வைத்து இன்னொரு வேலையும் செய்யலாம். பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ் என்ற இந்த நொதி 60 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சுறுசுறுப்பாகி, பெக்டினில் தொங்கும் மெத்தில் தொகுதிகளைக் கழற்றிவிடும். கழன்ற இடங்களைப் பழத்தில் இயல்பாக உள்ள கால்சியம் பற்றிக்கொண்டு இழைக்கு இழை பாலம் போடும். பாலம் விழுந்த பெக்டின் பிறகு நன்றாகக் கொதித்தாலும் லேசில் கரையாது. ஆகவே நறுக்கிய ஆப்பிளைச் சுடச்சுட வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு வைத்து வடித்துவிட்டுப் பிறகு சுட்டால், மெலிந்த துண்டுகள்கூட உருக்குலையாமல் வரும். நீர் கொதித்துக்கொண்டே இருக்கக் கூடாது. 80 டிகிரியை நெருங்கினால் நொதி செயலிழந்துவிடும். இப்படி முன்கூட்டிச் சூடு காட்டுவதில் இன்னொரு லாபம், துண்டுகளில் சிறைபட்ட காற்று வெளியேறிவிடுகிறது. பச்சைப் பழத்தை அப்படியே குவித்துச் சுட்டால் அந்தக் காற்று ஓவனுக்குள் வெளியேறும். பழம் சுருங்கி இறங்கும். மேல்மாவுக்கும் பழத்துக்கும் நடுவே குகைபோல வெற்றிடம் விழும்.

கசிந்த சாற்றை என்ன செய்வது? ஒரு தட்டு காப்ளரில் அது ஒரு கோப்பைக்குமேல் தேறும். அதைக் கெட்டியாக்கப் பெரும்பாலும் கார்ன்ஃப்ளார் சேர்க்கிறார்கள். வெறும் நீரில் அதன் மணிகள் 62 முதல் 72 டிகிரிக்குள் நீரை உறிஞ்சி வீங்கி வெடித்துக் கஞ்சியாகும். சர்க்கரை கூடிய சாற்றில் கதை வேறு: நீரை முதலில் சர்க்கரை பிடித்துவைத்துக்கொள்வதால் மணிகள் வீங்க இன்னும் அதிக வெப்பம் வேண்டும். எனவேதான் நல்ல சமையல் குறிப்புகள் நிமிடக் கணக்கை நம்பாமல், தட்டின் நடுவிலும் சாறு கெட்டியாகக் குமிழ் விட வேண்டும் என்று வற்புறுத்துகின்றன. ஓரத்தில் மட்டும் குமிழ் வந்ததைப் பார்த்து எடுத்துவிட்டால் நடுவில் வேகாத மாவுநீர்தான் இருக்கும். நன்றாகக் கொதித்த பிறகும் சூடாக இருக்கும்போது சாறு இளகலாகவே ஓடும். ஆற ஆற அமைலோஸ் இழைகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகும்போதுதான் அது இறுகும். அரை மணி நேரம் பொறுத்துப் பரிமாறச் சொல்வதன் பொருள் இதுதான்.

இனி அந்தத் தொடுகோடு. குளிர்ந்த பழத்தின்மேல் மாவை வைத்து ஓவனுக்குள் தள்ளினால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மாவின் மேற்பக்கம் 190 டிகிரி காற்றைச் சந்திக்கிறது. சில நிமிடங்களில் உலர்ந்து, அரை மணிக்குள் சிவந்துவிடுகிறது. அடிப்பக்கமோ ஒன்றரைக் கிலோ குளிர்ந்த ஈரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஈரம் சூடேறிக் கொதிநிலையை எட்டவே அரை மணிக்குமேல் ஆகும். அதற்குள் மாவிலுள்ள வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிக் கீழே வழிந்துவிடும். சாறு மேலே ஊறும். மாவைக் கட்டி நிறுத்தப் புரதம் உறைவதும் மாவுச்சத்து வேகுவதும் நடக்க 90 டிகிரி தாண்ட வேண்டும். மேலே பொன்னிறத்தைப் பார்த்து வெளியே எடுக்கும்போது அடியில் பச்சை மாவு பசையாகக் கிடக்கும். காப்ளர் பற்றிய குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தில் வந்து முடிகின்றன.

தீர்வு எளிது. பழத்தை மட்டும் முதலில் இருபது இருபத்தைந்து நிமிடம் சுட்டு, கொதிக்கத் தொடங்கிய பிறகு மாவை வைக்க வேண்டும். அப்போது மாவின் அடி முதல் நிமிடத்திலிருந்தே நீராவியில் கொழுக்கட்டை வேகிறமாதிரி அவியும், மேற்பக்கம் உலர் சூட்டில் சுடப்படும். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடியும். மாவு உருண்டைகளுக்கு இடையே இடைவெளி விடுவதும் அழகுக்காக அல்ல. பழத்திலிருந்து எழும் நீராவிக்கு அது வழி. முழுக்க மூடிவிட்டால் ஆவி மாவுக்குள்ளேயே புகுந்து அதை ஈரமாக்கும். நடுவிலுள்ள ஓர் உருண்டைக்குள் வெப்பமானியைக் குத்திப் பார்த்து 93 டிகிரி காட்டினால் எடுத்துவிடலாம்.

உயரமான ஊர்களில் கணக்கு மாறும். கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வரில் நீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதிக்கிறது. கீழ்ப்பாதியின் உச்சவரம்பே ஐந்து டிகிரி இறங்கிவிடுவதால் பழம் வேக நேரம் கூடும். காற்றழுத்தம் குறைந்திருப்பதால் மாவுக்குள் வாயு அளவுக்குமீறி விரியும். அங்குள்ளவர்கள் பேக்கிங் பவுடரைக் குறைத்துப் போடுகிறார்கள்.

அந்தப் பேக்கிங் பவுடர் இல்லாமல் இன்றைய காப்ளரே இல்லை. மாவை உப்பவைக்க ஈஸ்டை நம்பினால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1796இல் ஹார்ட்ஃபோர்டில் வெளியான அமெலியா சிம்மன்ஸின் ‘அமெரிக்கன் குக்கரி’ அதற்கு மாற்றாக மரச்சாம்பலிலிருந்து எடுத்த பொட்டாசியம் கார்பனேட்டைச் சேர்க்கச் சொன்னது. பிறகு நம் வீடுகளில் ஆப்ப சோடா என்று அறியப்படும் சோடியம் பைகார்பனேட் வந்தது. இரண்டுக்கும் ஓர் அமிலம் துணை வேண்டும். புளித்த மோரை ஊற்றினால் அதன் புளிப்பு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அளவு. ஐரோப்பாவில் திராட்சை மதுப் பீப்பாய்களில் படியும் உப்பிலிருந்து எடுத்த கிரீம் ஆஃப் டார்ட்டரோ கப்பலில் வரவேண்டிய விலையுயர்ந்த சரக்கு. ஜெர்மனியில் வேதியியலர் லீபிக்கிடம் பயின்று திரும்பி ஹார்வர்டில் பேராசிரியரான எபென் நார்டன் ஹார்ஸ்ஃபோர்ட் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார். எலும்பிலிருந்து எடுத்த கால்சியம் பாஸ்பேட்டைக் கந்தக அமிலத்தில் பதப்படுத்தி, உலர்ந்த தூளாக இருக்கும் மோனோகால்சியம் பாஸ்பேட்டைச் செய்து 1856இல் காப்புரிமை பெற்றார். சோடாவோடு அதைக் கலந்து, ஈரம் தாக்காமல் இருக்கச் சோள மாவும் சேர்த்து ஒரே டப்பாவில் அடைத்தபோது, ஒரு கரண்டிக்கு எவ்வளவு வாயு வரும் என்பது நிச்சயமானது. வீட்டுச் சமையலுக்கு வேதியியல் செய்த உதவிகளில் இதற்கு இணையாகச் சொல்ல அதிகமில்லை. அமெரிக்க வேதியியல் சங்கம் 2006இல் இந்தக் கண்டுபிடிப்பைத் தேசிய வேதியியல் நினைவுச்சின்னங்களில் ஒன்றாக அறிவித்தது.

இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் இரண்டு அமிலங்கள் இருக்கும். மாவு நனைந்ததும் ஒன்று வேலை செய்யும், சூடேறிய பிறகுதான் மற்றது விழிக்கும். கொதிக்கும் பழத்தின்மேல் வைக்கும் மாவுக்கு இந்த இரண்டாம் தவணை மிகவும் உதவுகிறது: மாவு உறையப்போகும் வேளையில் வாயு கிளம்புகிறது. கூடவே வெண்ணெயில் உள்ள நீரும் ஆவியாகும். வெண்ணெயின் எடையில் 16 சதவீதம் அளவுக்கு நீர். கொதிநிலையில் ஆவியானால் அதன் பருமன் சுமார் 1,600 மடங்கு பெருகும். குளிர்ந்த வெண்ணெயைப் பட்டாணி அளவுத் துண்டுகளாக மாவில் விட்டுவைக்கச் சொல்வது அதனால்தான். துண்டு உருகிய இடம் பொந்தாகும், ஆவி அந்தப் பொந்தை ஊதி விரிக்கும். மாவை அதிகம் பிசையக் கூடாது என்பதற்கும் விளக்கம் உண்டு. நீரோடு சேர்த்துப் பிசையப் பிசைய மைதாவின் குளூட்டெனின், கிளையாடின் ஆகிய புரதங்கள் இணைந்து ரப்பர்போல இழுபடும் குளூட்டன் வலையாகும். பரோட்டாவுக்கு அது உயிர்நாடி. இங்கே வேண்டாத விருந்தாளி. அமெரிக்கத் தென்மாநிலங்களில் இந்த வகை மாவுக்கென்றே புரதம் குறைந்த மென்கோதுமை மாவைத் தேடி வாங்குவார்கள். டென்னசியின் நாக்ஸ்வில்லில் 1883இல் தொடங்கிய வைட் லில்லி அப்படிப் பெயர்பெற்றது.

அதே தென்மாநிலங்களில் தொடுகோட்டுச் சிக்கலைத் தலைகீழாகத் தீர்த்த வழி ஒன்றும் இருக்கிறது. தட்டில் வெண்ணெயை உருக்கி, அதன்மேல் தோசைமாவுப் பதத்தில் கரைத்த இனிப்பு மாவை ஊற்றி, கடைசியில் பழத்தைத் தூவிக் கிளறாமல் சுடுகிறார்கள். வாயு நிறைந்து லேசாகும் மாவு மேலே எழும், பழம் கீழே அமிழும். ஓரங்கள் வெண்ணெயிலேயே பொரிந்து மொறுமொறுவென்று சிவக்கும், ருசி அங்கேதான்.

பொன்னிறம் என்று சொல்வது வெறும் நிறம் அல்ல. 1912இல் பிரெஞ்சு வேதியியலர் லூயி கமீல் மய்யார் சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் சேர்த்துச் சூடாக்கினால் பழுப்பு நிறம் வருவதைப் பதிவு செய்தார். இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவில் அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் பணியாற்றிய கறுப்பின வேதியியலர் ஜான் ஹாட்ஜ் 1953இல் அந்த வினை எந்தெந்தப் படிகளில் போகிறது என்று வரைந்து காட்டினார். நூற்றுக்கணக்கான மணமூலக்கூறுகள் அந்தப் படிகளில் பிறக்கின்றன. ஈரம் இருக்கிற இடத்தில் வினை மந்தம். உலர்ந்து 140 டிகிரி தாண்டினால் வேகமெடுக்கும். சோடாவின் காரத்தன்மை அதை இன்னும் முடுக்கும். மோரின் புளிப்பைத் தணிக்கக் கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவும் சேர்ந்த மாவு நன்றாகச் சிவப்பது இதனால்.

இனி மசாலா. இலையுதிர்காலம் என்றாலே அமெரிக்கர்களின் மூக்குக்கு வருவது பட்டை, சாதிக்காய், கிராம்பு, சுக்கு ஆகியவை சேர்ந்த கலவை மணம். மெக்கார்மிக் நிறுவனம் 1934இல் இதையொத்த கலவையைப் பூசணிப் பை என்ற பண்டத்துக்கான பொடியாக டப்பாவில் அடைத்தது. 2003இல் ஸ்டார்பக்ஸ் காபிக்குள்ளும் கொண்டுபோனது. இந்த நான்கில் ஒன்றுகூட அமெரிக்க மண்ணுக்குரியதல்ல.

சாதிக்காயின் பூர்வீகம் இன்றைய இந்தோனேசியாவின் பாண்டா தீவுகள். உலகத்துக்கே சாதிக்காய் அங்கிருந்துதான் போக வேண்டியிருந்தது. அதுவே அந்தத் தீவுகளுக்குக் கேடாயிற்று. 1621இல் யான் பீட்டர்சோன் கூன் தலைமையில் டச்சுக் கிழக்கிந்திய கம்பெனிப் படை தீவுகளைப் பிடித்தபோது பாண்டா மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் இறந்தார்கள், அல்லது அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அத்தீவுகளில் ஒன்றான ருன்மீது ஆங்கிலேயர் உரிமை கோரிவந்தார்கள். 1667இல் பிரேடா உடன்படிக்கையில் ருன் டச்சுக்காரர்களிடமே தங்கியது; அதற்கு மூன்று ஆண்டு முன்பு ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த நியூ ஆம்ஸ்டர்டாம் ஆங்கிலேயரிடம் தங்கியது. அந்த ஊர்தான் நியூயார்க். காப்ளர் தட்டில் சீவிப் போடும் ஒரு சிட்டிகைத் தூளுக்குப் பின்னால் இருக்கும் இந்த வரலாறு மறக்கப்படக் கூடாதது.

பட்டையின் கதை இலங்கைக்கு வருகிறது. இலங்கைத் தமிழர் கறுவா என்று அழைக்கும் சின்னமோமம் வேரம் மரத்தின் உள்பட்டையே அசல் பட்டை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை அது பெரும்பாலும் காட்டில் வெட்டியது. டச்சுக்காரர்கள்தான் கொழும்பில் அதைத் தோட்டப் பயிராக்கினார்கள். கொழும்பு 7க்குக் கறுவாத் தோட்டம் என்ற பெயர் நிலைத்தது அப்படித்தான். காலி, மாத்தறை மாவட்டங்களில் இன்றும் உரிப்பவர்கள் மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் தேய்த்து இளக்கி, உள்பட்டையைக் கிழியாமல் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, நிழலில் உலர்த்துகிறார்கள். 6 மில்லிமீட்டருக்கும் குறைவான குறுக்களவுள்ள சுருளுக்கு ஆல்பா என்று தரப்பெயர். இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் அமெரிக்கக் காப்ளரில் விழுவது பெரும்பாலும் இந்தப் பட்டை அல்ல. இந்தோனேசியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வரும் தடித்த, காரம் மிகுந்த காசியா வகைகள். இரண்டிலும் முதன்மை மணப்பொருள் சின்னமால்டிஹைடு. 1834இல் பிரெஞ்சு வேதியியலர்கள் டூமாவும் பெலிகோவும் பிரித்தெடுத்தது. வேறுபாடு கூமரின் என்ற பொருளில். அசல் கறுவாவில் அது பெயரளவுக்குத்தான். காசியாவில் அதைப்போல நூறு மடங்குக்குமேல் இருக்கலாம். அளவு மிஞ்சினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும் என்பதால், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு வரம்பு வைத்திருக்கிறது. ஆண்டுக்குச் சில முறை காப்ளர் உண்பவருக்கு இது கவலைக்குரியதல்ல. தினமும் கரண்டி கரண்டியாகப் பட்டைத் தூள் விழுங்குபவர் இலங்கைப் பட்டைக்கு மாறுவது நல்லது.

மணப்பொருள்களின் வேதியியல் சமையல்காரருக்கு நேரடியாகவே உதவும். சின்னமால்டிஹைடும் கிராம்பின் யூஜெனாலும் எண்ணெயில் எளிதில் கரைபவை, நீரில் அரிதாகக் கரைபவை. தனியே கொதிக்கவைக்க 200 டிகிரிக்குமேல் வேண்டும். ஆனால் நீராவியோடு சேர்ந்தால் 100 டிகிரியிலேயே கிளம்பிவிடும். இலங்கையில் பட்டை எண்ணெய் இறக்குவது இந்த வழியில்தான். காப்ளர் கொதிக்கும்போதும் அதே வேலை சிறிய அளவில் நடக்கிறது: வீடெங்கும் கமழ்வது தட்டைவிட்டு வெளியேறிய மணம். மசாலாவைப் பழத்தில் மட்டும் கொட்டாமல், பாதியை உருக்கிய வெண்ணெயில் குழைத்துப் பழத்தோடு புரட்டினால் கொழுப்பு அதைப் பிடித்துவைக்கும். மாவிலும் ஒரு சிட்டிகை சேர்க்கலாம். சின்னமால்டிஹைடு ஈஸ்டை முடக்கும் பொருள். பேக்கிங் பவுடருக்கு உயிர் இல்லாததால் அந்தக் கவலை இல்லை. கிராம்பில் மட்டும் கை அடக்கம் வேண்டும். பல்வலிக்கு மரத்துப்போக வைக்கும் யூஜெனால், மிஞ்சினால் நாக்கையும் மரக்கவைத்து ஆப்பிளின் மென்மணத்தை மறைத்துவிடும். இஞ்சியைவிடச் சுக்கு பொருத்தம்: உலரும்போது ஜிஞ்சரால் நீரை இழந்து அதைவிடக் காரமான ஷோகாலாகிறது, அந்தச் சுள்ளென்ற சூடு சர்க்கரையோடு நன்றாகச் சேரும்.

அளவுகளில் சொன்னால், ஒன்பது அங்குலச் சதுரத் தட்டுக்கு ஒன்றேகால் கிலோ ஆப்பிள், 120 கிராம் பழுப்புச் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒன்றரைத் தேக்கரண்டி பட்டைத் தூள், அரைத் தேக்கரண்டி சுக்கு, கால் தேக்கரண்டி சாதிக்காய், ஒரு சிட்டிகைக் கிராம்பு. மேலே 200 கிராம் மைதா, இரண்டரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி ஆப்ப சோடா, 50 கிராம் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, 85 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 150 மில்லி கெட்டி மோர். ஓவன் 190 டிகிரியில். பழம் தனியாக 25 நிமிடம், மாவு ஏறிய பிறகு இன்னும் 30 நிமிடம் வரை.

மீந்ததைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மறுநாள் மேல்மாவு விறைத்திருக்கும். உலர்ந்ததால் மட்டுமல்ல, வெந்து குலைந்த மாவுச்சத்து மீண்டும் படிகமாக ஒழுங்குபடுவதால். 4 டிகிரிக் குளிரில் அது அறை வெப்பத்தைவிட வேகமாக நடக்கிறது. அந்தப் படிகங்கள் 60 டிகிரி வாக்கில் உருகிவிடுவதால் மறுபடி சூடாக்கினால் மென்மை திரும்பும். மைக்ரோவேவில் வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் மேலே ஏறி மாவைத் துவளவைக்கும். ஓவனில் மூடாமல் 170 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தால் அடியில் சாறு மறுபடி குமிழ் விடும், மேற்பரப்பும் உலர்ந்து மொறுமொறுக்கும்.